ஒரு மணி ஐம்பது நிமிடத் தூரம்

ஏப்ரல் 26

வணக்கம்.

இந்தக் கடிதம் பையின் பக்கவாட்டு அறையில், பல் துலக்கும் பிரஷுக்குப் பின்னால் இருக்கும். எடுத்துத் தரச் சொல்லி மகளிடம் சொல்லியிருக்கிறேன். கடுகு மறந்திருப்பாள். நீங்களே தேடி எடுத்திருந்தால் முதல் வேலையைச் சரியாகச் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நான் யார் என்று சொல்லத் தேவையில்லை. உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறீர்கள். அவரைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருடம் ஆகிறது. நானும் அவரும் பிரிந்து மூன்று வருடம் கழித்துத்தான் அவர் உங்களைப் பார்த்தார். அதனால் உங்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை எழுதுவது சுலபம்.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். நான் ஃபோனில் பேசினால் அதட்டுவது மாதிரி இருக்கும் என்று என் லேபில் எல்லோரும் சொல்வார்கள். (பல் செட் செய்யும் லேப். நாளெல்லாம் பிறத்தியார் வாயைப் பற்றியே யோசிப்பதால் என் வாயைக் கவனிப்பதில்லை.)

இதுவரை விடுமுறைக்கு அவள் அப்பாவே ரயிலில் வந்து தன் சொந்த ஊருக்குக் கூட்டிப் போவார். இந்த வருடம் அவர் கட்டும் பாலம் அவரை விடவில்லை. தூண் எழுப்பும் நேரத்தில் பொறியாளர் அசையக் கூடாதாம். விமானத்தில் தனியாக அனுப்பு என்றார். விமானக் கம்பெனிப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து ஏற்றி, இறக்கி, ஒப்படைப்பாளாம். நம் இரண்டு ஊருக்கும் நடுவில் ஆகாயத்தில் ஆயிரத்து நூறு கிலோமீட்டர். பயண நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம். “ரெண்டு மணி நேரம்கூட இல்ல, நீ கடைக்குப் போய்ட்டு வர்ற நேரம்” என்றார். நான் எந்தக் கடைக்குப் போனாலும் அரை மணியில் திரும்பிவிடுவேன்.

இந்த ஒன்பது வருடத்தில் அவள் என்னை விட்டுத் தூரம் போனதெல்லாம் அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான். இது வேறு.

இனி விஷயம். விமானம் இறங்கும்போது அவளுக்குக் காது வலிக்கும் என்று மருத்துவர் சொன்னதால் சூயிங்கம் கொடுத்திருக்கிறேன். முடி இடுப்புவரை இருக்கிறது. படுக்கும் முன் பின்னிவிட வேண்டும், இல்லாவிட்டால் காலையில் சிக்கெடுக்க நீங்கள் கடையை மூட வேண்டியிருக்கும். அவள் “பரவால்ல” என்று சொன்னால் பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அழ மாட்டாள். அழாமல் இருப்பதுதான் கவனிக்க வேண்டியது.

— கடுகின் அம்மா


மே 2

அன்புள்ள கடுகின் அம்மாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதலாமா என்று கொஞ்சம் தயங்கினேன். ‘மேடம்’ என்று எழுதினால் கடையிலிருந்து பில் அனுப்புவது போல இருந்தது. நீங்கள் எனக்கு அக்கா முறை என்று இவர் சொல்கிறார். வயதைப் பார்த்தால் நான் உங்களைவிட ஐந்து வயது பெரியவள். எந்தக் கணக்கில் யார் அக்கா என்று எனக்குப் புரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

கடிதம் பிரஷுக்குப் பின்னால்தான் இருந்தது. மூன்றாம் நாள்தான் கிடைத்தது. ஆக, முதல் வேலையிலேயே நான் தோற்றேன். அதுவரை பிள்ளை பல் துலக்கவில்லையா என்று கேட்காதீர்கள். துலக்கினாள், எனக்காக வாங்கி வைத்திருந்த புதுப் பிரஷால்.

வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். என்னை அவள் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறாள், அதனால் அடையாளம் தெரிய ஒரு அட்டையில் ‘கடுகு’ என்று எழுதினேன். வெறும் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க மனம் வரவில்லை. சின்னதாக ஒரு மரச்சட்டம் போட்டு, கண்ணாடியும் வைத்தேன். தொழில் புத்தி. வாசலில் பாதுகாப்புக்கு நின்றவர் கண்ணாடியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டார். கண்ணாடியைக் கழற்றி அவர் மேசையிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

கம்பெனிப் பெண் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கழுத்தில் பெரிய அடையாள அட்டை, முதுகில் அவளைவிடப் பெரிய பை. நான் சட்டத்தைத் தூக்கிக் காட்டினேன். கடுகு அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “இது வீட்ல கூப்பிடற பேரு” என்றாள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுச் சட்டத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். கம்பெனிப் பெண் அவளிடம் குனிந்து, “இவங்க யாரு உனக்கு?” என்று கேட்டாள். கடுகு நன்றாக யோசித்து, “எங்க அப்பாவோட வீட்ல இருக்கறவங்க” என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்தான் என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டாள்.

இவர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் பாலத்திலிருந்து வருகிறார். மற்ற நாளெல்லாம் நாங்கள் இருவர்தான். கடையில் ஒரு மூலையில் மேசை போட்டுக் கொடுத்திருக்கிறேன். மீந்துபோன சட்டத் துண்டுகளை வைத்து ஏதோ கட்டுகிறாள். என்ன அது என்று கேட்டேன். “பரவால்ல” என்றாள். உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

இப்படிக்கு,
அவள் அப்பாவின் வீட்டில் இருப்பவள்


மே 9

நேற்று அவள் அப்பா ஃபோனில் முகம் பார்த்துப் பேச வைத்தார். முடி தோள்வரைதான் இருக்கிறது.

பிறந்ததிலிருந்து நான் வளர்த்த முடி. ஒன்பது வருடம் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று பின்னிவிட்ட முடி. பின்னிவிடச் சொல்லித்தான் எழுதினேன். பின்னத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஃபோனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். “அம்மா, தலை லேசா இருக்கு” என்று அவள் சிரிக்கிறாள். அவள் எதிரில் நான் என்ன சொல்ல முடியும்? நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அழகுக்காக வெட்டினீர்களா, வசதிக்காக வெட்டினீர்களா என்று மட்டும் தெரிய வேண்டும்.


மே 14

அன்புள்ள கடுகின் அம்மாவுக்கு,

இரண்டுக்காகவும் இல்லை. சூயிங்கம்.

இறங்கும்போது காதுக்காக நீங்கள் கொடுத்ததில் பாதிப் பொட்டலம் மீந்திருந்தது. வீட்டிலும் மென்றாள். மெல்லலாமா என்று கேட்டேன், அம்மாவே கொடுத்ததுதான் என்றாள். அதற்கு மேல் நான் யார் கேட்க? மென்றபடியே தூங்கிவிட்டாள். காலையில் பிடரிக்குக் கீழே பின்னலோடு பின்னலாக ஒட்டிப்போயிருந்தது. (பின்னத் தெரியும் எனக்கு. அன்றும் பின்னியிருந்தேன்.) எண்ணெய் தடவிப் பார்த்தேன், ஐஸ் வைத்துப் பார்த்தேன். கடையில் பசை எடுக்க வைத்திருக்கும் திரவத்தைக் கையில்கூட எடுத்துவிட்டேன், பிள்ளை தலையில் இதையா ஊற்றுவது என்று திரும்ப வைத்தேன். காலை முழுக்க இதே பாடு. நான் இழுக்க இழுக்க அவள் பல்லைக் கடித்துக்கொண்டு “பரவால்ல, பரவால்ல” என்கிறாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குத்தான் வந்தது. கடைசியில் அவளே எழுந்துபோய்க் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

உங்களைக் கூப்பிடத்தான் ஃபோனை எடுத்தேன். பயமாக இருந்தது, வைத்துவிட்டேன். அது என் தப்பு. முடியை எறியவில்லை. மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நான்தான்


மே 20

உங்கள் கடிதம் லேபுக்கு வந்தது. படித்துவிட்டு மெழுகு உருக வைத்திருந்ததை மறந்துவிட்டேன். ஒரு கிழவருடைய மேல்வரிசைப் பல் முழுவதும் வீணாகிவிட்டது. அவரிடமும் உங்களிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சூயிங்கம் கொடுத்தவள் நான். அதை விமானத்தோடு நிறுத்தச் சொல்லி எழுதாதவளும் நான். முடியை அனுப்ப வேண்டாம். வைத்திருக்கவும் வேண்டாம்.

இங்கே வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. வேலையிலிருந்து வந்ததும் விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் கேட்பதற்கு இல்லை. உங்களிடம் சொல்லும் விஷயமா இது என்று தெரியவில்லை. ஆனால் அவள் அங்கே என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று எனக்கு எழுதக் கூடிய ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அவரிடம் கேட்டால் “நல்லாத்தான் இருக்கா” என்பார். பாலத்தைப் பற்றிக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்.

உங்கள் கடிதத்தில் ‘இவர்’ என்று வருகிறது, என் கடிதத்தில் ‘அவர்’ என்று வருகிறது. இரண்டும் ஒரே ஆள் என்று இன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது.

சட்டத் துண்டுகளை வைத்து அவள் கட்டிக்கொண்டிருந்தது என்ன என்று தெரிந்ததா?


ஜூன் 7

அன்புள்ள கடுகின் அம்மாவுக்கு,

விமான நிலையம் கிளம்பும் முன் எழுதுகிறேன். இதையும் பிரஷுக்குப் பின்னால்தான் வைக்கிறேன். பைக்குள் உடைகள் எல்லாம் துவைத்து மடித்தவை. அவள் கட்டியது ஒரு விமானம். இறக்கை மட்டும் கொஞ்சம் ஆடும், மேலே கனமாக எதையும் வைத்துவிடாதீர்கள்.

ஆறு வாரம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. எனக்குப் பிள்ளைகளோடு பழக்கம் இல்லை. தனியாகவே வாழ்ந்துவிட்டுத் தாமதமாகக் கல்யாணம் செய்தவள். அவள் வந்தபோது விருந்தாளி போல நடத்தினேன். அவள்தான் அதை மாற்றினாள். போன வாரம் கண்ணாடி வெட்டும்போது “நீங்க விரல்ல துணி சுத்திக்கணும், போன தடவ வெட்டிக்கிட்டீங்க” என்று திட்டினாள். திட்டு வாங்கியதில் இவ்வளவு சந்தோஷம் யாருக்காவது வந்திருக்குமா என்று தெரியாது.

ஜூன் 8, காலை

இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேரவில்லை. பாதிக்கு மேல் பறந்துவிட்டுத் திரும்ப என்னிடமே வந்துவிட்டது, அவளும்தான். ஃபோனில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதனால் கீழேயே எழுதுகிறேன்.

விமானம் கிளம்பியதும் அனுப்ப வந்தவர்கள் போகலாம் என்றார்கள். நான் போகவில்லை. உங்கள் ஊரில் இறங்கியது என்று பலகையில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மணி ஐம்பது நிமிடம்தானே. முக்கால் வழி போனபிறகு உங்கள் ஊரில் பெருமழை, ஓடுபாதையில் தண்ணீர், பக்கத்து ஊரிலும் அதே நிலைமை என்று தகவல் போயிருக்கிறது. விமானத்தைத் திருப்பிவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் என்னை ஃபோனில் தேடியபோது நான் அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் அங்கே நனைந்துகொண்டு நின்றிருக்கிறீர்கள். பலகையில் முதலில் தாமதம், பிறகு ரத்து. பிள்ளை எங்கே என்று யாரும் சொல்லவில்லை. நான் உங்களைக் கூப்பிட்டபோது நீங்கள் கத்தினீர்கள். நாம் இருவரும் முதன்முதலாகப் பேசியது அப்படி ஆகிவிட்டது. கத்தியதற்கு நேற்றே மன்னிப்புக் கேட்டீர்கள், இனி கேட்க வேண்டாம். நீங்கள் கத்தியதால்தான் நான் எழுந்து அவள் வெளியே வரும் வாசலுக்குப் போனேன்.

வெளியே வந்தவள் என்னிடம் ஓடி வரவில்லை. நடந்து வந்து, “கீழ எதுவுமே தெரியல, குலுக்கிட்டே இருந்துச்சு” என்றாள். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். இனி விமானத்தில் ஏற மாட்டாளாம். ரயில் என்றால் இரண்டு இரவு, நடுவில் வண்டி மாற வேண்டும். இவரை அனுப்பக் கேட்டால் பாலத்தில் மறுபடி அதே பேச்சு. பள்ளிக்கூடம் வேறு திறக்கிறது. கதவுக்கு வெளியே உட்கார்ந்து, நானும் கூட வந்தால் ஏறுவாயா என்று கேட்டேன். உள்ளே குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, “பக்கத்து சீட்லயா?” என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை விமானத்தில் நாங்கள் இருவரும் வருகிறோம். கடிதத்தை நானே கொண்டுவந்து தருகிறேன்.


ஜூன் 12

வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

விமான நிலையத்தில் உங்களிடம் நான் பேசியது போதாது. தெரியும். நீங்கள் அதே விமானத்தில் திரும்ப வேண்டும் என்று நின்றுகொண்டே இருந்தீர்கள். நான் கையில் குடையை வைத்துக்கொண்டு அதை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காப்பி வாங்கிக் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை. நினைத்ததைவிட நீங்கள் உயரம். நினைத்ததைவிட மெல்லப் பேசுகிறீர்கள். முகம் வெளிறிப்போயிருந்தது. என்னைப் பார்த்த பயம் என்று நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு கடுகு சொன்னாள். “அம்மா, சித்தி கண்ணையே தொறக்கல. இதுக்கு முன்னாடி அவங்க ப்ளேன்ல போனதே இல்லையாம். மேல ஏறும்போது என் கையப் பிடிச்சாங்க பாரு, நகம் பதிஞ்சிடுச்சு. நான்தான் சொன்னேன், இப்ப குலுக்கும், அப்பறம் சரியாயிடும்னு.”

கையைக் காட்டினாள். உண்மையாகவே தடம் இருந்தது.

ஏறவே மாட்டேன் என்று தாழ் போட்டுக்கொண்டவள், வழி முழுக்க உங்களைத் தேற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். தன் பயத்தை எங்கே வைத்தாள் என்று கேட்டேன். “மறந்துட்டேன்” என்றாள்.

நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை என் கையில் விட்டுவிட்டு, அதே விமானத்தில் தனியாக ஏறிப் போயிருக்கிறீர்கள். திரும்பும்போது யார் கையைப் பிடித்தீர்கள்?


ஜூன் 20

அன்புள்ள தங்கைக்கு,

இந்தத் தங்கை முறை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் கடுகிடம் கேட்டேன், உன் அம்மாவை நான் என்னவென்று கூப்பிடுவது என்று. பேச்சுக் கொடுத்தால் பயம் குறையும் என்று கேட்டதுதான். அவள் நம் இருவர் வயதையும் கேட்டாள். “நீங்கதான் பெரியவங்க. அப்ப அம்மா உங்கள அக்கானு கூப்பிடட்டும். முறையெல்லாம் பெரியவங்க சும்மா சொல்றது” என்றாள். தீர்ப்பு முடிந்தது. உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் மேல்முறையீடு அவளிடம்தான்.

என்னைச் ‘சித்தி’ என்று அவள் முதலில் சொன்னது ஏறும் வாசலில். அங்கே நின்ற பெண் கேட்டதும், நான் வாயைத் திறக்கும் முன் சொல்லிவிட்டாள். எனக்கு நடை தடுமாறியது. விமானப் படிக்கட்டுதான் காரணம் என்று சமாளித்தேன்.

திரும்பும்போது பக்கத்தில் ஒரு பெரியவர். அவர் கையைப் பிடிக்க முடியுமா? முன் இருக்கையின் பையில் இருந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது பார்த்தால் அது சுருண்டு குழாய் மாதிரி ஆகியிருந்தது. தொழில்காரி ஆயிற்றே, அதை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

உங்களைப் பார்த்து நான் பயப்படவில்லை. உங்களுக்குப் பெருமையாக இருந்தது என்றால் அப்படியே இருக்கட்டும். நீங்கள் அவளைத் தூக்கினீர்கள், ஒன்பது வயசுப் பிள்ளையை, பையோடு சேர்த்து. அதைப் பார்த்துவிட்டு இன்னும் ரெண்டு வார்த்தை என்னால் பேச முடியவில்லை. அவ்வளவுதான்.

இப்படிக்கு,
அக்கா (தீர்ப்பின்படி)


செப்டம்பர் 3

அக்கா,

செப்டம்பர் விடுமுறைக்கு அவளை அனுப்ப இயலாது. ஒரு வாரம்தான் விடுமுறை. மழை வேறு. மறுபடி நடுவானில் திரும்பினால் அவளால் தாங்க முடியாது. அவள் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

டிசம்பரில் பார்க்கலாம்.


செப்டம்பர் 11

அன்புள்ள தங்கைக்கு,

சரி.

அவள் உங்கள் பிள்ளை. எங்கே எப்போது அனுப்புவது என்று நீங்கள் முடிவு செய்வதுதான் சரி. இவரும் அதையேதான் சொன்னார். 

ஆனால் உங்கள் கடிதம் வந்த அன்று விமானக் கம்பெனிக்கு ஃபோன் செய்து, செப்டம்பரில் அந்த வழியில் வானிலை எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டேன். வருடத்திலேயே அமைதியான மாதம் என்றார்கள். கேட்டிருக்கக் கூடாது. கேட்டதை உங்களிடம் சொல்லியிருக்கவும் கூடாது. மனதில் வைத்துக்கொண்டு அன்பாக எழுத எனக்கு வரவில்லை.

நான் ஏதாவது தப்பாகச் செய்திருந்தால், முடி விஷயத்தில் கேட்டதுபோல நேராகக் கேட்டுவிடுங்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

கடையில் அவள் மேசை அப்படியேதான் இருக்கிறது. நேற்று ஒருவர் பெரிய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். வைக்க இடமில்லை. அந்த மேசைமேல் வைக்கப் போனார், என்னை அறியாமல் கையை நீட்டித் தடுத்துவிட்டேன். அவர் திகைத்துப்போய்ப் படத்தைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அக்கா


நவம்பர் 5

அக்கா,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் நீங்கள் செய்த தப்பு ஒன்றும் இல்லை. நேராகக் கேட்கச் சொன்னீர்கள். நேராகவே சொல்கிறேன்.

ஜூனில் திரும்பி வந்ததிலிருந்து இந்த வீட்டில் எதை எடுத்தாலும் சித்தி. சித்தி கண்ணாடியை ஒரே கோட்டில் வெட்டுவாங்க. சித்தி முட்டையை இப்படித்தான் உடைப்பாங்க. ஒருநாள் நான் பின்னிவிடும்போது, “சித்தி இழுக்க மாட்டாங்க” என்றாள். சீப்பை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.  அடுத்த வாரம்தான் உங்களுக்கு மழை என்று எழுதினேன்.

ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்வரை உங்களைப் பிடித்திருந்தது. என் சமையலறைக்குள் வந்துவிட்டீர்கள், அதுதான் தாங்கவில்லை. அவள் பயந்தபோது தன் பயத்தை மறந்தது உங்களுக்காக. எனக்காக அவள் எதையும் மறைக்கத்தான் செய்திருக்கிறாள்.

இதை எழுதிவிட்டு மூன்று நாள் வைத்திருந்தேன். அதற்குள் வேறொன்று வந்துவிட்டது.

எனக்குப் பித்தப்பையில் கல். வலி வந்து லேபில் மேசைமேல் சாய்ந்துவிட்டேன். உடனே எடுத்துவிட வேண்டும் என்கிறார் மருத்துவர், இந்த மாதம் இருபதாம் தேதி நாள் குறித்திருக்கிறார். பெரிய அறுவை இல்லையாம். ஆனாலும் சில நாள் மருத்துவமனை, பிறகு கொஞ்ச காலம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. கடுகை யார் பார்ப்பது? லேபில் கேட்டால் செய்வார்கள். பக்கத்து வீட்டிலும் செய்வார்கள். அவளிடம் யாருடன் இருக்கிறாய் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு “யார்னாலும் பரவால்ல” என்றாள்.

அந்த ‘பரவால்ல’ என்ன என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவளை அங்கே அனுப்பினால் பள்ளி கெட்டுவிடும். அது மட்டும் காரணம் இல்லை. அந்த நாட்களில் அவள் என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை. நீங்கள் வர முடியுமா? உங்களுக்கு விமானம் எப்படி என்று தெரிந்தும் கேட்கிறேன். ஃபோனில் கேட்டால் உடனே சரி என்று சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். யோசித்து, கடையைப் பார்த்து, அவரிடம் பேசிவிட்டு எழுதுங்கள். முடியாது என்றாலும் எனக்கு வருத்தமில்லை.

உங்கள் தங்கை


நவம்பர் 9

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் காலையில் வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் நிற்கும்போதே பிரித்துவிட்டேன். அவர் என்னம்மா ஆச்சு என்று கேட்டார். தங்கைக்கு அறுவை, ஊருக்குப் போகிறேன் என்றேன். அப்புறம்தான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

இவரிடம் சொன்னேன். பாலத்துக்கு மேல்தளம் போடும் நாள் நெருங்குகிறது, சாப்பாடு, வீடு எல்லாம் எப்படி என்று ஆரம்பித்தார். கண்டிப்பாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்கு வந்தது. “நான் போகணும். நீங்க பாலத்தப் பாத்துக்கங்க” என்றேன். உங்களுக்கு எந்த மருத்துவமனை என்று கேட்டார். அதற்குப் பிறகு என் பெட்டியை அவரே பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார்.

சீப்பைப் பற்றி ஒன்று. நான் இழுக்காததற்குக் காரணம் பயம். அவள் தலையில் கை வைக்கும்போதெல்லாம் நீங்கள் பின்னால் நிற்பது போலவே இருக்கும். இழுத்துப் பின்னும் உரிமை உங்களுக்குத்தான் உண்டு. இங்கே இருந்தபோது ஒருநாள் “நல்லா இறுக்கிப் பின்னுங்க, அம்மா பின்னுற மாதிரி, இது அவுந்துடுது” என்று அவள் சொன்னதை உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். முடிக்காக நீங்கள் கோபமாக எழுதிய வாரம் அது. சொல்லியிருந்தால் உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள்.

கடை வாசலில் ஒரு அட்டை மாட்டியாகிவிட்டது. எப்போது திறக்கும் என்று அதில் எழுதவில்லை. வேலை அரைகுறையாக இருந்த படங்களை எதிர்க்கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன்.

பதினெட்டாம் தேதி காலை விமானம். நடு இருக்கையாகக் கேட்டு வாங்கினேன், இரண்டு பக்கமும் ஆள் இருப்பார்கள். நீங்கள் விமான நிலையத்துக்கு வர வேண்டாம், வலி வந்துவிடும். அவளையும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைக்காதீர்கள். முகவரி இருக்கிறது, நானே வந்து கதவைத் தட்டுகிறேன். மருத்துவமனைக்குப் போகும் முன் இரண்டு நாள் இருக்கும். எது எங்கே இருக்கிறது, அவளுக்கு எதற்கு என்ன சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் அதட்டியே சொல்லுங்கள்.

திரும்பி வர இன்னும் சீட்டு எடுக்கவில்லை. நீங்கள் எழுந்து நடமாடி, போதும் கிளம்பு என்று சொன்ன பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா